வெளிநாட்டில் பாடம் நடத்த, ஆய்வு செய்ய நல்கை: முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சில மாதம் தங்கிப் பாடம் நடத்த வேண்டும், ஆய்வு செய்ய வேண்டும், அதற்கு யார் பணம் தருவார்கள் என்று தேடத் தொடங்கும் எல்லோரும் முதலில் செய்வது ஒரு பட்டியல் போடுவதுதான். நானும் அதையே செய்தேன். நாற்பது நல்கைகளின், அதாவது இப்படிப் போய்வரத் தரப்படும் நிதியுதவிகளின், பெயர், தொகை, கடைசித் தேதி எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு தேதி வரிசையில் ஒவ்வொன்றாக விண்ணப்பித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்துக் கிடைத்த முதல் நல்கை வேறு வழியில் வந்தது. என் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு ஒரு பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டு எழுதியிருந்தார். நான் பதில் எழுதினேன், அவர் மறுபடி எழுதினார், ஓராண்டு இப்படியே போனது. அதற்கப்புறம் எழுதிய விண்ணப்பத்தில் எதையும் இட்டுக்கட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க நான் வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான்: ஆளை முதலில் தேடுங்கள், பணத்தை அப்புறம் தேடலாம். சரி, வரிசையாகப் போவோம்.

எந்த வகை உங்களுக்கு

ஃபெல்லோஷிப், கிரான்ட், அவார்டு, விசிட்டிங் ஸ்காலர் என்று பெயர்கள் குழப்பும். பெயரை விட்டுவிட்டு நான்கு விஷயத்தை மட்டும் பாருங்கள். பாடம் நடத்தவா, ஆய்வுக்கா, இரண்டுக்குமா? எத்தனை மாதம்? விண்ணப்பிக்க வேண்டியது நீங்களா, உங்களை அழைப்பவரா? பிஎச்டி முடித்து எத்தனை ஆண்டுக்குள் இருக்க வேண்டும்? இந்த நான்கையும் கேட்டாலே பட்டியலில் முக்கால்வாசி உதிர்ந்துவிடும்.

எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஃபுல்பிரைட். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வெளிநாடுகளில் மிஞ்சிக் கிடந்த அமெரிக்கப் போர்த் தளவாடங்களை விற்று, அந்தப் பணத்தில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் நாடு விட்டு நாடு அனுப்பலாம் என்று செனட்டர் ஜே. வில்லியம் ஃபுல்பிரைட் கொண்டுவந்த சட்டத்தில் 1946 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். இன்று 160க்கும் மேற்பட்ட நாடுகளோடு இந்தத் திட்டம் நடக்கிறது. இதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்கர்கள் வெளியே போவதற்கு ஒரு வழி, மற்ற நாட்டவர் அமெரிக்கா போவதற்கு வேறு வழி. இரண்டாவது வழியில் உங்கள் விண்ணப்பம் உங்கள் நாட்டில் இருக்கும் ஃபுல்பிரைட் ஆணையத்துக்குப் போகும், ஆணையம் இல்லாத நாடு என்றால் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போகும். தகுதியும் காலமும் கடைசித் தேதியும் நாட்டுக்கு நாடு மாறும், ஆகவே வேறு நாட்டு நண்பர் சொன்ன தேதியை வைத்துக்கொண்டு திட்டம் போடாதீர்கள். ஸ்காலர் இன் ரெசிடன்ஸ் என்றொரு பிரிவும் உண்டு, அதற்கு நீங்களே விண்ணப்பிக்க முடியாது. அமெரிக்கக் கல்லூரிதான் ஒரு வெளிநாட்டு ஆசிரியர் வேண்டும் என்று கேட்டு விண்ணப்பிக்கும். பாடம் நடத்துவதில் உண்மையான விருப்பம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஜப்பானின் அறிவியல் வளர்ச்சிக் கழகமான ஜேஎஸ்பிஎஸ் தரும் அழைப்பு நல்கைகளும் அப்படித்தான். குறுகிய காலம் 14 முதல் 60 நாள், நீண்ட காலம் 2 முதல் 10 மாதம். இரண்டிலும் விண்ணப்பிப்பது ஜப்பானில் இருக்கும் ஆய்வாளர், தன் நிறுவனம் வழியாக. அங்கே உங்களைத் தெரிந்தவர் ஒருவர் இல்லாவிட்டால் அந்தக் கதவு இருப்பதே உங்களுக்குத் தெரியாது. ஆளை முதலில் தேடுங்கள் என்று சொல்வது இதற்காகவும்தான்.

பிஎச்டி முடித்து அதிக நாள் ஆகாதவர்களுக்கு ஐரோப்பாவின் மேரி ஸ்க்வோதோவ்ஸ்கா கியூரி போஸ்ட்டாக் நல்கையும், ஜெர்மனியின் ஹும்போல்ட் நல்கையும் பெரியவை. ஹும்போல்ட்டில் பட்டம் பெற்று 4 ஆண்டுக்குள் இருந்தால் 6 முதல் 24 மாதம், 12 ஆண்டுக்குள் இருக்கும் அனுபவசாலிகளுக்கு 6 முதல் 18 மாதம். அனுபவசாலிகள் அந்த மாதங்களை மூன்று தடவையாகப் பிரித்துக்கூடப் போய்வரலாம், வேலையை விட்டு நீண்ட நாள் நகர முடியாதவர்களுக்கு இது பெரிய வசதி. நாட்டுக்கு இத்தனை, துறைக்கு இத்தனை என்று ஒதுக்கீடும் இல்லை. மேரி கியூரியில் நாட்டு எல்லை பற்றி ஒரு கறாரான விதி இருக்கிறது: கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் ஒரு நாட்டில் வாழ்ந்திருந்தால் அந்த நாட்டுக்கே போக விண்ணப்பிக்க முடியாது. அங்கேயே பிஎச்டி முடித்துவிட்டு அதே ஊரில் தொடரலாம் என்று நினைப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். போட்டியும் கடுமை. 2024இல் 10,360 பேர் விண்ணப்பித்து 1,696 பேருக்குக் கிடைத்தது.

ஏற்கெனவே நிரந்தர வேலையில் இருந்து, வெளியே போவது இதுதான் முதல்முறை என்றால் நான் சொல்வது சின்னதாகத் தொடங்குங்கள் என்பதுதான். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) 1925 முதல் இருக்கிறது, வேலையில் இருக்கும் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு 1 முதல் 3 மாத ஆய்வுத் தங்கலுக்குப் பணம் தருகிறது. பாடம் நடத்த மட்டும் என்றால் ஐரோப்பாவின் எராஸ்மஸ் பிளஸ் ஆசிரியர் பரிமாற்றம் இருக்கிறது. சில நாளில் தொடங்கி 2 மாதம் வரை போகலாம், வாரத்துக்குக் குறைந்தது 8 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். ஆனால் உங்கள் கல்லூரிக்கும் அந்தக் கல்லூரிக்கும் ஏற்கெனவே ஒப்பந்தம் இருக்க வேண்டும், ஆகவே முதலில் உங்கள் கல்லூரியின் சர்வதேச அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். இப்படி ஒரு மாதம் போய்வந்தால் அடுத்த பெரிய விண்ணப்பத்தில் "இந்தப் பேராசிரியரோடு ஏற்கெனவே வேலை செய்திருக்கிறேன்" என்று எழுத முடியும். அந்த ஒரு வரிக்கு நிறைய எடை உண்டு.

எழுதி முடிக்க ஒரு புத்தகம் காத்துக்கொண்டிருக்கிறது, வகுப்பே வேண்டாம், அமைதி மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு உயராய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் 1930இல் தொடங்கிய உயராய்வு நிறுவனம் (Institute for Advanced Study) பலருக்கும் தெரிந்தது. பெர்லினில் இருக்கும் விசென்ஷாஃப்ட்ஸ்கோலெக் ஓராண்டுக்கு நாற்பது பேர் போல அழைத்து 10 மாதம் தங்க வைக்கிறது.

இன்னொரு வகையையும் சொல்ல வேண்டும், அது தேவைப்படுபவர்கள் பட்டியல்களில் தேடிக்கொண்டிருக்க நேரமில்லாதவர்கள். போர், அடக்குமுறை, மிரட்டல் காரணமாக வேலை செய்ய முடியாமல் போன ஆய்வாளர்களுக்கென்றே நல்கைகள் உள்ளன. பிரிட்டனின் காரா என்ற அமைப்பு 1933இல், ஹிட்லர் ஆட்சியில் வேலையிழந்த பேராசிரியர்களுக்காகத் தொடங்கப்பட்டது, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் போர்னும் ஹான்ஸ் கிரெப்ஸும் அதன் உதவி பெற்றவர்கள். ஸ்காலர்ஸ் அட் ரிஸ்க், 2002இல் தொடங்கிய ஸ்காலர் ரெஸ்கியூ ஃபண்ட், ஹும்போல்ட் நடத்தும் ஃபிலிப் ஷ்வார்ட்ஸ் திட்டம் ஆகியவையும் இதற்கானவைதான். ஃபிலிப் ஷ்வார்ட்ஸுக்கு ஜெர்மன் நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கோ தெரிந்தவருக்கோ இந்த நிலைமை என்றால் கீழே நான் சொல்லப்போகும் ஒன்றரை ஆண்டுக் கணக்கையெல்லாம் பார்க்காமல் நேராக இவர்களுக்கு எழுதுங்கள்.

ஒன்றரை ஆண்டு முன்னால்

பெரிய நல்கைகளில் விண்ணப்பித்த நாளிலிருந்து விமானம் ஏறும் நாள் வரை ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அதற்கு முன்னால் அழைப்புக் கடிதம் வாங்க, திட்டம் எழுத, விடுப்புக்கு அனுமதி கேட்க ஆறு மாதமாவது வேண்டும். ஆக 18 மாதம். இதைக் கேட்டதும் பலர் சோர்ந்துபோகிறார்கள், ஆனால் இந்த 18 மாதமும் உட்கார்ந்து எழுதும் வேலை அல்ல, பெரும்பகுதி மற்றவர்களின் பதிலுக்காகக் காத்திருப்பதுதான், அந்த நேரத்தில் உங்கள் வழக்கமான வேலை ஓடிக்கொண்டே இருக்கும்.

நாட்காட்டியைப் பார்க்கும்போது போகும் இடத்துக் கல்வியாண்டையும் பாருங்கள். அமெரிக்காவில் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும், ஜெர்மனியில் குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபர் நடுவில்தான், ஜப்பானில் ஏப்ரலில், ஆஸ்திரேலியாவில் பிப்ரவரி கடைசியில். பாடம் நடத்தப் போகிறவர் பருவத்தின் நடுவில் போய் இறங்கினால் யாருக்கும் பயனில்லை. ஆய்வுக்குப் போகிறவருக்கு இதற்கு நேர்மாறு: உங்களை அழைத்தவர் கோடை விடுமுறையில் மூன்று மாதம் ஊரிலேயே இருக்கமாட்டார் என்றால் அந்த மூன்று மாதத்தில் நீங்கள் போய் என்ன செய்வீர்கள்? முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அழைப்பவரைக் கண்டுபிடிப்பது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். அழைக்கும் பேராசிரியரை எல்லோரும் ஹோஸ்ட் என்றே சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன்.

பெரிய பெயராகப் பார்த்துப் போகாதீர்கள். உலகப் புகழ் பெற்றவருக்கு வாரத்துக்கு இருபது பேர் இதே கோரிக்கையோடு எழுதுகிறார்கள். உங்கள் கடைசி இரண்டு மூன்று கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலை எடுத்து வையுங்கள், அதில் திரும்பத் திரும்ப வரும் பெயர் யார், நீங்கள் உடன்படாமல் வாதாடியிருப்பவர் யார், உங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டியிருப்பவர் யார் என்று பாருங்கள். இந்த மூன்றாவது வகை ஆள்தான் தங்கம். அவருக்கு உங்களை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை.

முதல் மின்னஞ்சலைத் திரையை உருட்டாமல் படித்து முடிக்கும் அளவுக்கு வையுங்கள். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற துறையில் சேர்ந்து பணியாற்ற விழைகிறேன்" என்று தொடங்கினால் அவர் இரண்டாவது வரிக்கு வரமாட்டார், ஏனென்றால் அதே வரி யாருக்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம். அவருடைய குறிப்பிட்ட ஒரு கட்டுரையில் குறிப்பிட்ட ஓர் இடத்தைச் சொல்லி, அங்கே அவர் விட்டுவைத்த கேள்வியில் உங்களிடம் என்ன இருக்கிறது என்று தொடங்குங்கள். அடுத்து நீங்கள் யார், எங்கே வேலை செய்கிறீர்கள் என்று இரண்டு வரி. அதற்கடுத்து எந்த நல்கைக்கு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, அவரிடமிருந்து என்ன தேவை. கூடவே ஒரு வரி கட்டாயம் வேண்டும்: நல்கை என் செலவுகளைப் பார்த்துக்கொள்ளும், உங்களிடமோ உங்கள் துறையிடமோ நான் சம்பளம் கேட்கவில்லை. இந்த வரி இல்லாத கடிதத்தைப் படிக்கும் பேராசிரியர் இவர் வேலை கேட்கிறார் என்று நினைத்து, கொடுக்க வேலை இல்லையே என்ற சங்கடத்தில் பதில் போடாமலே விட்டுவிடுவார். நான் முதலில் எழுதிய கடிதங்களில் இந்த வரி இருக்கவில்லை. சேர்த்ததற்கு அப்புறம்தான் பதில்கள் வரத் தொடங்கின.

ஒரு பக்கத் திட்டமும் இரண்டு பக்க சிவியும் இணைத்தால் போதும். இருபது பக்க ப்ரொபோசலை யாரும் திறப்பதில்லை. இரண்டு வாரம் பாருங்கள், ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், அதற்கும் பதில் இல்லை என்றால் மனவருத்தம் இல்லாமல் அடுத்தவருக்கு எழுதுங்கள். ஒரே துறையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் எழுதுவதைத் தவிருங்கள், அவர்கள் மதியம் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள், பேசிக்கொள்வார்கள்.

அவர் சரி என்றதும் அழைப்புக் கடிதம். "இவர் வந்தால் எங்களுக்கு மகிழ்ச்சி" என்று மூன்று வரியில் வரும் கடிதத்தால் பயனில்லை, தேர்வுக்குழு அதை மரியாதைக்குக் கொடுத்தது என்றே எடுத்துக்கொள்ளும். தேதிகள், உட்கார இடம், நூலகம், ஆய்வகம், எந்தக் கருவி, நீங்கள் எடுக்கப்போகும் பாடம், உங்கள் ஆய்வால் அவர்களுக்கு என்ன பயன் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். பல பேராசிரியர்கள் "நீங்களே ஒரு வரைவு அனுப்புங்கள், திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்பார்கள். அதில் தயங்க ஒன்றுமில்லை, வழக்கம்தான். கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்று மட்டும் பாருங்கள், சில நல்கைகளில் பேராசிரியர் கையெழுத்துப் போதாது, துறைத்தலைவரோ டீனோ போட வேண்டும். ஆய்வகம் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: பெஞ்ச் ஃபீஸ் கேட்பீர்களா? அதாவது ஆய்வக இடத்துக்கும் பொருள்களுக்குமான கட்டணம். சில பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன, எல்லா நல்கைகளும் அதைத் தருவதில்லை, போய் இறங்கிய பிறகு தெரிந்தால் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

திட்டம் எழுதுவது

படிக்கப்போகிறவர்களில் உங்கள் துறைக்காரர் ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம். மற்றவர்கள் பக்கத்துத் துறைக்காரர்கள், ஒரே நாளில் பல விண்ணப்பம் படித்துக் களைத்தவர்கள். முதல் பத்தியிலேயே கேள்வி என்ன, அதற்கு அங்கே போயே ஆக வேண்டியது ஏன் என்பது தெரிந்துவிட வேண்டும்.

அந்த "ஏன் அங்கே" என்பதற்குப் பெரும்பாலான விண்ணப்பங்களில் இருக்கும் பதில், அது சிறந்த பல்கலைக்கழகம், நல்ல நூலகம் இருக்கிறது என்பது. இது பதிலே இல்லை. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். தாவரங்களை வகைப்படுத்தும் ஓர் ஆய்வாளர் லண்டனில் உள்ள கியூ தோட்டத்துக்குப் போக விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே உலர்தாவர மாதிரிகள் 70 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன என்று எழுதினால் அது கியூவைப் பற்றிய விளம்பரமாக இருக்கும். நான் ஆராயும் பேரினத்தில் இந்த ஐந்து இனங்களுக்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது ஆதாரமாக வைத்த மாதிரிகள் கியூவில்தான் இருக்கின்றன, அவற்றோடு ஒப்பிடாமல் என் இனம் புதியதா பழையதா என்று தீர்மானிக்க முடியாது என்று எழுதினால் அது காரணம். உடனே குழுவில் ஒருவர் கேட்பார், படங்கள்தான் இணையத்தில் கிடைக்கின்றனவே, அதற்கு எதற்குப் பணம்? அதற்கும் பதில் அங்கேயே இருக்க வேண்டும்: பூவின் உள்ளுறுப்புகளை நுண்ணோக்கியில் பார்த்து அளக்க வேண்டும், படத்தில் அவை தெரியாது. வரலாறோ இயற்பியலோ, உங்கள் துறையில் இதற்கு இணையான வரி எது என்று கண்டுபிடியுங்கள். அது கிடைக்காவிட்டால் அந்த ஊருக்கு நீங்கள் போக வேண்டிய அவசியம் உண்மையிலேயே இல்லாமல் இருக்கலாம், வேறு ஊரைத் தேடுவது நல்லது.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் படித்துவிட்டு எழுதுங்கள், பெரிய நல்கைகள் அதை வெளிப்படையாகவே சொல்கின்றன. மேரி கியூரியில் ஆய்வின் தரத்துக்கு 50 விழுக்காடு, தாக்கத்துக்கு 30, செயல்படுத்தும் விதத்துக்கு 20. பத்துப் பக்கத்தில் எட்டுப் பக்கம் ஆய்வைப் பற்றியே எழுதிவிட்டு மற்ற இரண்டையும் கடைசியில் அடைத்துவிடுகிறோம், பாதி மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. மாதவாரித் திட்டமும் இதே மாதிரிதான். முதல் மாதம் வீடு, வங்கி, அடையாள அட்டை இவற்றிலேயே போகும், அதைத் திட்டத்தில் ஒப்புக்கொண்டு எழுதுகிறவரைத்தான் அனுபவமுள்ளவர்கள் நம்புவார்கள். நான்கு மாதத்தில் ஒரு புத்தகமும் ஆறு கட்டுரையும் என்று எழுதாதீர்கள்.

மாதிரிகள் கொண்டுவருவது, மனிதர்களிடம் தகவல் சேகரிப்பது இவற்றுக்கு அனுமதி தேவைப்படும். உயிரியல் மாதிரிகள் என்றால் உயிரியல் வளங்களை எடுப்பது, அதன் பயனைப் பகிர்வது பற்றி 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா ஒப்பந்தம் இருக்கிறது, எந்த நாட்டிலிருந்து எடுக்கிறீர்களோ அந்த நாட்டின் சட்டத்தைப் பாருங்கள். நேர்காணல் ஆய்வு என்றால் அறநெறிக் குழுவின் ஒப்புதல், அது உங்கள் நிறுவனத்திலா ஹோஸ்ட் நிறுவனத்திலா, இரண்டிலுமா என்று கேளுங்கள். அனுமதிக்கு ஆகும் மாதங்களைத் திட்டத்தில் காட்டுங்கள்.

பாடம் நடத்தும் நல்கை என்றால்

இங்கே மனநிலையே மாற வேண்டும். ஆய்வு நல்கையில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதுகிறீர்கள், பாடம் நடத்தும் நல்கையில் அவர்களிடம் என்ன இல்லை என்று எழுதுகிறீர்கள். அந்தத் துறையின் பாடப் பட்டியலை எடுத்து முழுக்கப் படியுங்கள். ஏற்கெனவே மூன்று பேர் எடுக்கும் பாடத்தை நான்காவதாக எடுக்க உங்களை யாரும் அழைக்கப்போவதில்லை.

ஒன்றிரண்டு சிலபஸ் எழுதி இணையுங்கள், வாரவாரியாக, வாசிப்புகளோடு. உங்கள் கல்லூரியில் நடத்தும் சிலபஸை அப்படியே அனுப்புவது பெரிய தவறு, ஏனென்றால் அங்கே வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு, மாணவர்கள் எந்த ஆண்டு, முன்பே என்ன படித்திருப்பார்கள், தேர்வா கட்டுரையா என்பதெல்லாம் வேறு. இதையெல்லாம் ஹோஸ்டிடம் கேட்டு எழுதினால், கேட்டீர்கள் என்பதே சிலபஸில் தெரியும். எந்த மொழியில் வகுப்பு என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் உங்களோடு சரளமாக ஆங்கிலத்தில் பேசுவதால் மாணவர்களும் அதே மாதிரி கேட்டுப் புரிந்துகொள்வார்கள் என்று நினைக்காதீர்கள்.

இரண்டும் கலந்த நல்கை என்றால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு என்று முன்பே பேசி முடிவு செய்யுங்கள். புதிய இடத்தில் புதிய பாடம் நடத்தும்போது ஒரு மணி நேர வகுப்புக்கு நான்கைந்து மணி நேரம் தயாரிப்பு ஆகும், விடைத்தாள் திருத்துவது தனி. நல்ல மனதோடு இரண்டு பாடம் ஒத்துக்கொண்டு, ஆய்வுக்கு வந்ததையே மறந்து திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பரிந்துரைக் கடிதம்

பதவி பெரிதாக இருப்பவரைவிட உங்கள் வேலையைப் படித்திருப்பவர் கடிதம்தான் எடுபடும். துணைவேந்தர் எழுதும் நான்கு வரியால் எதுவும் நடக்காது. ஆறு வாரம் முன்னால் கேளுங்கள், திட்ட வரைவையும் சிவியையும் கொடுங்கள், "இந்தக் குழு இதைத்தான் பார்க்கும், இதைப் பற்றி நீங்கள் சொன்னால் உதவும்" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஒரு வாரம் முன்னால் நினைவூட்டுங்கள், அவ்வளவுதான்.

விடுப்பு, பணம், விசா

விடுப்பு விஷயத்தை நல்கை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் நிறுவனத்தில் தடையில்லாச் சான்று வாங்க எத்தனை மேசை தாண்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சம்பளத்தோடா சம்பளமில்லாமலா, பணிமூப்பு கணக்கில் வருமா, ஓய்வூதியப் பிடித்தம் தொடருமா, திரும்பி வந்து இத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்று பத்திரம் எழுதிக் கேட்பார்களா என்று எல்லாவற்றையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பணத்தில் முதலில் பார்க்க வேண்டியது அது சம்பளமா உதவித்தொகையா என்பது. மேரி கியூரியில் பெரும்பாலும் வேலை ஒப்பந்தமே போடுகிறார்கள், சமூகப் பாதுகாப்பு, ஓய்வூதியம் எல்லாம் சேரும், ஆனால் அறிவிப்பில் பார்க்கும் தொகைக்கும் கையில் வரும் தொகைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். உதவித்தொகையில் பிடித்தம் குறைவு, பாதுகாப்பும் குறைவு. அமெரிக்காவில் ஜே விசாவில், அதாவது பரிமாற்றத் திட்டங்களுக்கான விசாவில், வருபவர்களின் உதவித்தொகையில், வரி ஒப்பந்தச் சலுகை இல்லாவிட்டால், 14 விழுக்காடு வரி பிடிப்பார்கள். உங்கள் நாட்டுக்கும் அந்த நாட்டுக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறதா, அதில் ஆசிரியர், ஆய்வாளருக்கென்று தனிப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள், பல ஒப்பந்தங்களில் இருக்கிறது.

குடும்பத்தோடு போகிறீர்களா? அப்படியென்றால் குடும்பப் படி, பிள்ளைகள் பள்ளி, துணைவர் வேலை செய்ய அனுமதி, காப்பீடு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே கேளுங்கள். அமெரிக்க ஜே விசாவுக்கு விபத்து அல்லது நோய் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 1,00,000 டாலர் மருத்துவக் காப்பீடு சட்டப்படி வேண்டும், கூட வரும் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் அதேதான். நல்கை பெரும்பாலும் உங்களுக்கு மட்டும்தான் காப்பீடு தரும்.

இரண்டு மாதச் செலவுக்கான பணத்தைக் கையோடு கொண்டுபோங்கள். நான் போனபோது வங்கிக் கணக்கு திறக்க முகவரிச் சான்று வேண்டும் என்றார்கள், வீட்டுக்காரர் வங்கிக் கணக்கு இருந்தால்தான் ஒப்பந்தம் என்றார், முதல் தவணை ஆறாவது வாரம்தான் வந்தது. துறையின் அலுவலகத்தில் இருந்த ஒரு பெண்மணி தற்காலிக முகவரிக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்துக் காப்பாற்றினார். போவதற்கு முன்பே அப்படி ஒரு கடிதம் கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள்.

விசாவில் அமெரிக்கா போகிறவர்கள் இரண்டு விதியை விண்ணப்பிக்கும் முன்பே படிக்க வேண்டும். ஜே-1 விசாவில் அரசுப் பணம் பெற்று வருபவர்கள், ஃபுல்பிரைட்காரர்கள் எல்லோரும் இதில் சேர்த்தி, முடிந்ததும் தங்கள் நாட்டில் மொத்தம் இரண்டு ஆண்டு இருந்த பிறகுதான் ஹெச்-1பி விசாவோ கிரீன் கார்டோ பெற முடியும். மாநாட்டுக்கோ சுற்றுலாவுக்கோ போய்வர இது தடையில்லை. இரண்டாவது, ஆய்வாளர் அல்லது பேராசிரியர் பிரிவில் ஜே-1 முடித்தவர் அதே பிரிவில் மறுபடி வர 24 மாதம் காத்திருக்க வேண்டும். ஆறு மாதம் வரை மட்டும் தங்கக்கூடிய குறுகியகால ஸ்காலர் பிரிவில் வந்தவர்களுக்கு இந்த 24 மாதத் தடை கிடையாது. ஆகவே மூன்று மாதத்துக்குப் போகும்போது ஜே-1 விசாவுக்காகத் தரும் டிஎஸ்-2019 படிவத்தில் எந்தப் பிரிவு போடப்போகிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் கேளுங்கள், தவறான பிரிவில் போய்விட்டு அடுத்த ஆண்டு பெரிய நல்கை கிடைத்தும் போக முடியாமல் உட்கார்ந்திருப்பது கொடுமையான விஷயம்.

இன்னொன்று: ஃபுல்பிரைட், ஹும்போல்ட், மேரி கியூரி எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. பணம் கட்டினால் நல்கை வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

கிடைக்காவிட்டால்

முதல்முறை கிடைப்பது அரிது, எல்லோரும் இதைச் சொல்வதில்லை, கிடைத்த கதையை மட்டும்தான் சொல்கிறோம். குறிப்புகள் கேட்டு வாங்குங்கள். மேரி கியூரியில் ஒவ்வொருவருக்கும் மதிப்பீட்டு அறிக்கை தருகிறார்கள். அதை வந்த அன்றே படித்துக் கோபப்பட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி படியுங்கள், இரண்டாவது தடவைதான் அவர்கள் சொல்வது காதில் விழும். அங்கே 85 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வாங்கிப் பணம் போதாமல் தவறியவர்களுக்கு சீல் ஆஃப் எக்ஸலன்ஸ் என்று ஒரு சான்று கிடைக்கும், அதைக் காட்டி வேறு நிதி தரும் நாடுகளும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. விண்ணப்பிக்கும்போதே ஈஆர்ஏ (ERA) ஃபெல்லோஷிப்புக்கும் சம்மதம் என்று குறித்தால், ஐரோப்பாவில் ஆராய்ச்சி நிதி குறைவாகப் போகும் நாடுகளில் உள்ள நிறுவனங்களுக்குப் போக விண்ணப்பித்தவர்களுக்கு அதே விண்ணப்பத்திலேயே இன்னொரு வாய்ப்பு உண்டு.

ஹோஸ்டுக்கு உடனே எழுதி முடிவைச் சொல்லுங்கள். பலர் வெட்கப்பட்டு மௌனமாகிவிடுகிறார்கள், அவரோ காத்துக்கொண்டிருப்பார். என் ஹோஸ்ட் எனக்கு எழுதிய பதில் ஒரே வரிதான்: அடுத்த ஆண்டு எந்த மாதம்?

போய் முடித்துத் திரும்பும்போது

கடைசி மாதத்தை எழுதுவதற்கென்று வைத்துக்கொள்ளாதீர்கள், அது கணக்கு முடிக்கும் மாதம். நடத்திய பாடம், மணி நேரம், மாணவர் எண்ணிக்கை எல்லாம் குறிப்பிட்டு துறையிடமிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள், ஊருக்கு வந்த பிறகு பதவி உயர்வுக்கு அது கேட்கப்படும், அப்போது மின்னஞ்சலில் கேட்டு வாங்க மாதக்கணக்கில் ஆகும். ஆவணங்களின் படங்களைப் பயன்படுத்த எழுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தால் அந்தக் காப்பகத்து ஆள் நேரில் இருக்கும்போதே வாங்குங்கள். ஹோஸ்டோடு சேர்ந்து எழுதப்போகும் கட்டுரையில் யார் பெயர் முதலில், தரவு யாரிடம் இருக்கும் என்பதையும் பேசி முடியுங்கள். பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சல் முகவரி முடியும் தேதியைக் கேட்டு, அதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் உங்கள் சொந்த இடத்துக்கு மாற்றிவிடுங்கள். சில இடங்களில் நீங்கள் கிளம்பிய மறுநாளே அது மூடப்படும்.